அம்மாவுக்குத் தெலுங்கில் சொன்ன பாடம்

அருப்புக்கோட்டை
ஆகஸ்ட் 9

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

இங்கே அம்மாவும் நானும் இரண்டு தறியும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். மதுரைப் பயிற்சி மைய விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். பரீட்சை முடிகிறவரை போனை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் வருத்தமில்லை. பேசினால் சண்டைதான் போடுவோம்.

காலை நாலு மணிக்கு எழுந்து ஒரே பாடத்தை ஐந்து தடவை வாசிக்கிறாய், கலர் பேனாவால் கோடு போடுகிறாய், மூன்றாம் நாள் பார்த்தால் பக்கம் புதுசாகத் தெரிகிறது. இந்த முறையும் குரூப் ஃபோர் கைவிட்டுப் போனால் இனிப் புத்தகத்தையே தொடமாட்டேன் என்கிறாய். நீ படிக்கிற முறை தப்பு. கோபப்படாதே. அந்த முறையைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை மில்லில் எனக்கு லீவு. வீட்டில் தறிக்கு ஊடைநூலைத் தாராகச் சுற்றுகிற மெஷினின் மோட்டாரைக் கழற்றிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலவனத்தத்திலிருந்து தார் சுற்ற வருகிற முத்துத்தாய், வேலை நின்றுபோனதால் அம்மாவிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது. பஞ்சாயத்தில் தண்ணீர் விடவில்லை, உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் ஒரே சட்டந்தானக்கா, உங்களுக்கு மட்டும் எப்படி வருது என்று கேட்டது. அம்மா உடனே, “ஒரே சட்டம் இல்லத்தா. உங்க ஊருக்கு எழுபத்திமூணு, எங்க ஊருக்கு எழுபத்திநாலு” என்றாள். “அது என்னக்கா, பஸ்ஸு நம்பரா?” என்றது முத்துத்தாய். “சட்டத்தைத் திருத்துன நம்பருத்தா. கிராமப் பஞ்சாயத்துக்கு ஒண்ணு, முனிசிபாலிட்டிக்கு ஒண்ணு. எம் மருமக சொன்னா” என்றாள் அம்மா.

என் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா லிங்கம்மாள், போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் நீ சொன்னதை ஒன்றரை வருஷம் கழித்துச் சொல்கிறாள். சோதித்துப் பார்த்தேன். டெல்லி ராஜ்யசபையை ஏன் கலைக்க முடியாது என்று கேட்டேன். தறியில் பழைய பாவு நூல் முடிகிற இடத்திலேயே புதுப் பாவைப் பிணைத்துவிடுகிற மாதிரி, கொஞ்சப் பேர் போகப்போகக் கொஞ்சப் பேர் வந்து சேருகிறார்கள், தறி காலியாவதே இல்லை என்றாள். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. நீ அவளுக்காகக் கட்டிச் சொன்னது.

உனக்கு நினைவிருக்கும். அப்போதெல்லாம் நீ அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே, படித்ததை நம் வீட்டுத் தெலுங்கில் அவளுக்குக் கதையாகச் சொல்வாய். புத்தகம் அலமாரியில் கிடக்கும். பொங்கல் கழிந்து நான்தான் நிறுத்தினேன். பரீட்சை தமிழில், நீ தெலுங்கில் சொன்னால் தலைக்குள் இரண்டும் குழம்பும் என்றேன். கடைவீதியில் ஐந்து கலர் பேனா வாங்கிக் கொடுத்து, தனியாக உட்கார்ந்து திரும்பத்திரும்ப வாசி என்றேன். தறியில் ஒரு நூல் அறுந்தால் காரணம் தேடுகிறவன், இதை அளந்து பார்க்காமல் சொன்னேன்.

இப்போது அளந்துவிட்டேன். நீ விடையைக் குறித்துக் கொண்டுவந்த போன வருஷக் கேள்வித்தாள் பெட்டியில் இருந்தது. விடைகளை ஒப்பிட்டேன். பொங்கலுக்கு முன்னால் அம்மாவிடம் சொன்ன பாடங்களில் முப்பத்தெட்டுக் கேள்வி, முப்பத்துநாலு சரி. அதற்குப் பிறகு கலர் பேனாவோடு படித்ததில் நாற்பத்தொன்று, பத்தொன்பதுதான் சரி. பழசு நின்றிருக்கிறது, புதுசு போயிருக்கிறது. நீ தோற்றது ஆறு கேள்வியில். அந்த ஆறு கேள்வியும் என் கணக்கில்தான் வரும்.

ஆகவே இனி இப்படிச் செய். ஒரு பாடத்தை ஒரு தடவை வாசி. மூடு. மறுநாள் புத்தகத்தைத் தொடாமல், அதை அம்மாவுக்குக் கடிதமாக எழுது. நம் வீட்டுத் தெலுங்கிலேயே, தமிழ் எழுத்தில் எழுது. முட்டுகிற இடத்தில் ஐந்து நிமிஷம் யோசி, அதற்குப் பிறகுதான் புத்தகம். முட்டுகிறது என்று பயப்படாதே, முட்டித் தேடி எடுப்பதுதான் மனசில் நிற்கிறது. நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் கேட்கிற கேள்வியை எழுதி அனுப்புகிறேன். அது உன் கைக்கு வருவதற்குள் பாதி மறந்திருப்பாய், அப்போது மறுபடி எடுப்பாய். தபால்காரர் தாமதமாக வந்தால் திட்டாதே, அந்த இடைவெளியும் நமக்கு வேண்டும். இன்னும் எண்பது நாள் இருக்கிறது. போதும்.

இப்படிக்கு,
வெங்கடரமணன்

அருப்புக்கோட்டை
செப்டம்பர் 14

அன்புள்ள சுபாவுக்கு,

உன் ஆறாவது கடிதம் நேற்று வந்தது. மழை மறைவுப் பிரதேசம் பற்றியது. அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். முத்துத்தாய்க்கு அவளே தமிழில் சொன்னாள். மேகம் மேற்கே மலையில் முட்டி அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நமக்கு வெறும் காற்றை அனுப்புகிறதாம். “அப்ப மலையாளத்துக்காரவுக மொத்தத்தையும் பிடிச்சிக்கிறாகளாக்கா?” என்று முத்துத்தாய்க்குக் கோபம். “ஐப்பசியில கிழக்கே இருந்து வரும்லத்தா, அது நமக்கு” என்று அம்மா சமாதானம் செய்தாள். பிறகு என்னிடம் திரும்பி, அப்படியானால் போன வாரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொட்டியதே, அது எந்தப் பக்கத்து மழை என்று கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நீ சொல்.

பயிற்சித் தேர்வில் இருநூறுக்கு நூற்றைம்பத்தெட்டு என்று எழுதியிருந்தாய். நல்ல எண். அதைவிட, மூன்று வாரத்துக்கு முன் படித்தது கேட்டவுடன் வந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்து, அந்த ஐந்து கலர் பேனா வைத்திருந்த டப்பாவில் வைத்துக்கொண்டாள். பேனாக்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாளாம்.

ஒரு குறை. ஆறு கடிதமும் அத்தைக்கு என்றுதான் தொடங்குகிறது. கடைசியில் “அவுக நேரத்துக்குச் சாப்பிடுறாகளா” என்று ஒரு வரி. அதையும் நானேதான் சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கிறது. முத்துத்தாய் சிரிக்கிறது. அடுத்த தடவை தனித்தாளில் எனக்கும் நாலு வரி எழுது. பாடம் வேண்டாம்.

இன்னொன்று. திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் நிற்கும், எடுக்காமல் விட்டது தானாகத் தேய்ந்துவிடும். போன பரீட்சை ரிசல்ட் வந்த அன்று, அம்மா இருக்கும்போதே, உன் மூளையைப் பற்றி நான் ஒன்று சொன்னேன். நீ போய்த் தார் சுற்ற உட்கார்ந்தாய். அந்த ஒன்றை மட்டும் இனி எடுத்துப் பார்க்காதே சுபா.

நல்லபடி எழுதிவிட்டு வா. மெஷினுக்குப் பக்கத்தில் உன் முக்காலியை எடுக்காமல் வைத்திருக்கிறோம்.

உன்,
ரமணன்