காய்ந்த குச்சி என்று நினைத்து

பாப்பா,

இன்று காலை எலுமிச்சைச் செடியின் முள் கிளைகளைக் கழிக்கலாம் என்று உன் கையுறையை எடுத்தேன். பீரோவின் அடித்தட்டில் துணிப்பைக்குள் வைத்திருந்தேன். பையைத் திறந்ததும் நம் ஆம்பூர்த் தோல் வாசனை. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வார்களே, அது அல்ல. தைத்து முடித்து டப்பாவில் அடுக்கும்போது வருமே, அது. வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் அந்தக் கறை இருந்தது. கருஞ்சிவப்பாக இருந்தது இப்போது புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. கையுறையைப் போட்டுக்கொள்ளத் தோன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. பள்ளி முடிந்ததும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தாய். சாயங்காலம், ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டும் அங்குஸ்தானைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்கு வந்து நிற்பாய். அதைத் தட்டில் தட்டித்தான் என்னிடம் காபி கேட்பாய். கல்யாணமாகி உன் வீட்டுக்காரரோடு கனடாவுக்குப் போனபோதும் அதை எடுத்துக்கொண்டுதான் போனாய். அங்கே வருடத்தில் பாதி பனி என்றாய். "வெளியே பார்த்தா ஒரு பச்சை இல்ல அண்ணி. பேஜாரா இருக்கு" என்று போனில் சொல்வாய். அப்புறம் ஒரு நாள் குரல் மாறியிருந்தது. பின்கட்டில் ராஸ்பெர்ரி நட்டிருக்கிறேன் என்றாய்.

எனக்கு ராஸ்பெர்ரி என்றால் என்னவென்றே தெரியாது. முள் செடியில் காய்க்கும் சின்னச் சிவப்புப் பழம் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் காட்டினாய். வில் போல வளைத்து நட்ட இரும்புக் குழாய்கள், அவற்றின் மேல் பால் நிறப் பிளாஸ்டிக். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம். ரயில் நுழையும் குகை போல இருந்தது. நீயும் அதை டன்னல் என்றுதான் சொன்னாய். "அடுப்பு, கரண்ட்டு எதுவும் கிடையாது அண்ணி. வர்ற வெயிலைப் புடிச்சு உள்ள வச்சுக்கும். அவ்ளோதான்." உள்ளே இரண்டு வரிசையாக முழங்கால் உயரச் செடிகள். முதல் வருடம் காய்க்காது, அடுத்த வருடம்தான் என்றாய்.

அடுத்த வருடம் வருவதற்குள் உன் மார்பில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் போன் பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. நீ அழவில்லை. "இந்த வருஷம் என் செடி காய்க்கும் அண்ணி. அதை நான் சாப்பிடணும். அதுக்கப்புறம் பெருமாள் இன்னா வேணா பண்ணட்டும்" என்றாய். சாப்பிடுவாய் என்று சொன்னேன். அன்றே பள்ளிகொண்டா போய் ரங்கநாதர் சந்நிதியில் உனக்காக வேண்டிக்கொண்டேன். படுத்திருப்பவருக்குத்தானே படுத்திருப்பவர்களின் கஷ்டம் தெரியும் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஆறு மாத விசாவில் உன்னைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பினேன். "வரும்போது நம்ம ஊரு தோல் கிளவுஸ் ஒரு ஜோடி எடுத்துட்டு வாங்க. முள்ளு குத்துது" என்று நீ கேட்டாய். அதுதான் இது.

நான் வந்து ஐந்தாம் நாள் உன்னை முதல் ஊசி மருந்துக்காக ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். உன் வீட்டுக்காரர் உன்னோடு. நான் மட்டும் வீட்டில். பாத்திரம் தேய்த்தாயிற்று, ஜன்னல் துடைத்தாயிற்று, கை சும்மா இருக்கவில்லை. டன்னலுக்குள் போனேன். உள்ளே இரண்டு வரிசையும் காய்ந்த குச்சி. இலை இல்லை, பச்சை இல்லை, பழுப்பாக முள்ளோடு நின்றன. அடியில் மட்டும் மண்ணைப் பிளந்து சின்னச் சின்னக் கொழுந்துகள். நம் ஊரில் முருங்கையை என்ன செய்வோம்? வெட்டி விட்டால்தானே துளிர்க்கும், துளிர்த்தால்தானே காய்க்கும். இந்தப் பெண் முடியாமல் கிடந்ததில் இதைக் கழிக்க ஆளில்லை என்று நினைத்தேன். உனக்கென்று கொண்டுவந்த கையுறையை நானே முதலில் போட்டுக்கொண்டு, இரண்டு வரிசையையும் தரையோடு தரையாக வெட்டினேன். குச்சிகளை ஒரே அளவாக ஒடித்துக் கட்டுக் கட்டாகக் கட்டிப் பின்கதவு ஓரமாக அடுக்கினேன். ஏழு கட்டு. பார்க்கவே லட்சணமாக இருந்தது.

நீ திரும்பி வந்தபோது காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகவில்லை. உன் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே பின்கட்டுக்கு வந்தாய். கட்டுகளைப் பார்த்தாய். அவர்தான் வாயைத் திறந்தார்.

"அக்கா, யாருக்கா இதை வெட்னது?"

"நான்தான். காஞ்சு போயிருந்துச்சே..."

"அது காயலக்கா. போன வருஷம் வளர்ந்த குச்சி. அதுலதான் இந்த வருஷம் பழம்."

நீ உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்று கஞ்சி குடிக்கவில்லை. மறுநாளும் இரண்டு கரண்டிதான். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, பெருமாளே, இவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் என் கையாலேயா வெட்டவைத்தாய் என்று கேட்டேன். பெருமாளோடு நான் சண்டை போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மூன்றாம் நாள் காலை நீயே கூப்பிட்டாய்.

"அண்ணி, முருங்கைன்னு நெனச்சீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"எனக்கு முடி கொட்டுனா மொட்டை அடிச்சாத்தான் வளரும்னு அருவாளை எடுத்துட்டு வராம இருந்தா சரி" என்று சிரித்தாய். நான் அழுதேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நகத்தால கீறிப் பாத்திருக்கணும் அண்ணி. தோலுக்குக் கீழ பச்சை இருந்தா உயிர் இருக்கு. வெளியே பாத்துச் சொல்லக் கூடாது" என்றாய். அப்புறம் செடி வாங்கிய நாற்றுப் பண்ணைக்குப் போன் போட்டாய். அவர்கள் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாய். இந்த ரகம் புதுக் கொழுந்தின் நுனியிலும் அதே வருடம் காய்க்குமாம். ஆனால் ஆடியில் வர வேண்டியது புரட்டாசி கடைசிக்குத் தள்ளிப்போகும். அதற்குள் உங்கள் ஊரில் உறைபனி விழுந்து வெளியில் எல்லாம் கருகிவிடும். டன்னல் தாங்கினால் உண்டு.

"டன்னல் தாங்கணும், நானும் தாங்கணும்" என்றாய்.

அன்றிலிருந்து என் நோட்டில் இரண்டு பத்தி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு மளிகைப் பொட்டலக் காகிதத்தைப் படித்துத்தான் எழுத்துப் பழகியது. எண்ணுக்கு முன்னால் கோடு போட்டால் பூச்சியத்துக்குக் கீழே என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். இடது பக்கம் டன்னலுக்குள் தொங்கிய வெப்பமானி காலையிலும் மாலையிலும் காட்டியது. வலது பக்கம் நீ சாப்பிட்டது, சாப்பிடாதது. வெயில் ஏறினால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைச் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெந்துவிடும். சாயங்காலம் நான்கு மணிக்கு இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடித்து வைத்த சூடு போய்விடும். பூ வந்தபோது வண்டு நுழைய வழி விட வேண்டும். நீ வாசலில் நாற்காலி போட்டு, தலையில் குல்லாயோடு, அந்தப் பக்கம் தூக்குங்க, இந்தப் பக்கம் இறக்குங்க என்று சூப்பர்வைசர் மாதிரி அதிகாரம் செய்தாய். கொழுந்து என் இடுப்பைத் தாண்டி, தோளைத் தாண்டி வளர்ந்தது. வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி போயிற்று. காய் பச்சையாகவே நின்றது.

புரட்டாசியில் ஒரு நாள் மதியமே காற்று மாறியது. இன்று உறையும் என்று ரேடியோவில் சொன்னதாகச் சொன்னாய். டன்னல் மட்டும் போதாது, உள்ளே செடி மேல் இன்னொரு துணி போட்டால் ஒன்றிரண்டு டிகிரி கூடத் தாங்கும் என்றாய். அந்தத் துணி வீட்டில் ஒரு வரிசைக்குத்தான் இருந்தது. என் பெட்டியைத் திறந்தேன். நூல் புடவைகள் ஆறு. கம்பி கட்டி இரண்டாம் வரிசைக்கு மேல் விரித்தேன்.

நீ பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, செடிக்கெல்லாம் வளைகாப்பா?" என்றாய்.

"ஆமாம். நீ பாட்டுப் பாடு."

நீ பாடவில்லை. இருமல் வந்தது. ஆனால் சிரித்தாய்.

விடிந்து பார்த்தபோது வெளியே புல் எல்லாம் கல்லுப்பு கொட்டினது போல வெள்ளை. அடுத்த வீட்டு அவரைக் கொடி கறுத்துத் தொங்கியது. டன்னலுக்குள் வெப்பமானி கோடு இல்லாமல் இரண்டு காட்டியது. காய்கள் அப்படியே இருந்தன.

நான் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பத்துப் பழம் பழுத்தது. முள்ளுக்குப் பயந்து கையுறையோடு முதல் பழத்தைத் தொட்டேன், நசுங்கிவிட்டது. "கிளவுஸைக் கழட்டுங்க அண்ணி, இது ஷூ இல்ல!" என்று நீ கத்தினாய். மிச்சம் ஒன்பது. கிண்ணத்தில் போட்டுப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். "சீக்கிரம் காட்டிட்டுக் குடுங்க. அவரு எவ்ளோ நேரந்தான் பாப்பாரு" என்று அவசரப்பட்டாய். செடியிலிருந்து இழுத்தால் நடுக்காம்பு செடியிலேயே நின்றுவிடும், பழம் உள்ளே குழியோடு வரும் என்று அன்றுதான் பார்த்தேன். அதை விரல் நுனியில் மாட்டிக்கொண்டு, "பாருங்க அண்ணி, அங்குஸ்தான்!" என்று காட்டினாய். ஒவ்வொரு விரலாக மாட்டி ஒவ்வொன்றாகத் தின்றாய். எனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாய். மீதி ஏழும் நீதான்.

தின்று முடித்து விரலை நக்கிக்கொண்டே சொன்னாய். "நீங்க வெட்டுனதே நல்லது அண்ணி. ஆடியிலே எனக்கு நாக்கே செத்துப்போயிருந்துச்சு. அப்போ காய்ச்சிருந்தா ருசி தெரிஞ்சிருக்காது."

மாசியில் நீ போய்விட்டாய். போன் திரையில்தான் உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். உன் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது கையுறையைக் கொடுத்துவிட்டுப் போனார். செடிகளை அவர் பார்த்துக்கொள்கிறார். எதை வெட்டலாம், எதை விடலாம் என்று என்னையே கேட்கிறார், பாப்பா. என்னை!

ஆனால் நீ அன்று சொன்னது மட்டும் எனக்குள் முள்ளாகவே இருந்தது. அது நிஜமா, அல்லது அண்ணி மனசு ஆறட்டும் என்று சொன்னாயா? நீ அப்படிச் சொல்லக்கூடியவள்தான். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் கேட்க நீ இல்லை.

இன்று கையுறையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தபின், எழுந்து அந்த நோட்டை எடுத்தேன். நீ போனபின் அதைத் திறந்ததே இல்லை. ஆடி மாதப் பக்கங்களுக்குப் போனேன். இடது பத்தியில் எண்கள். வலது பத்தியில் என் கோணல் எழுத்து. "ரசம் வேண்டாம் என்றாள்." மறுநாள், "மாம்பழம் ஒரு துண்டு. துப்பிவிட்டாள். எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்கிறாள்." ஆடி முடியும் வரை அப்படியே. இரும்பு, இரும்பு. என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், நான்தான் படிக்கவில்லை.

பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வந்து புரட்டாசிக் கடைசிக்கு வந்தேன். "பழம் ஏழு. இனிப்பு என்றாள். முடிவில் கொஞ்சம் புளிப்பு என்றாள்."

நோட்டை மூடிவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு எலுமிச்சையிடம் போனேன். பட்டுப்போனது போல ஒரு கிளை இருந்தது. வெட்டப் போன கையை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, நகத்தால் கீறிப் பார்த்தேன்.

உன் அண்ணி