பின்னாலிருந்து வந்த கால்கள்

துப்பட்டாவை இன்னும் துவைக்கவில்லை. நான்கு நாட்களாக பால்கனிக் கொடியில் கிடக்கிறது. வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயின் வாசனை, கற்பூரமும் புதினாவும் கலந்த மாதிரி, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண்ணின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஓடி வந்த யாரோ அவசரத்தில், அவள் காலுக்கு அடிக்க வேண்டியதில் பாதியை என் மேல் அடித்துவிட்டார்கள். இந்த வாசனை உனக்கும் தெரியும். நம் கல்லூரி மைதானத்தில் உன் காலுக்கு அடித்ததும் இதுதான்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அடையாறில் ஒரு மைதானம். புல்லுக்குப் பதில் பச்சைப் பாய் விரித்தது. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான கால்பந்து லீக். என் மகள் ஆடினாள், நீ 'சிட்டு' என்று கூப்பிடுவாயே, அவள்தான். எதிர் அணியில் ஒல்லியான ஒரு பெண், உன்னைப் போலவே பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு ஓடினாள். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சிட்டு அவளுக்குப் பின்னாலிருந்து வந்தாள். இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தன.

நான் கை தட்டினேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் பிறகும் என் கைகள் ஒரு தடவை தட்டின.

நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டுச் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். சிட்டு இரண்டு கைகளையும் விரித்தாள். "பால்தான் எடுத்தேன் ரெஃப்! பால்தான்!"

என் பின்னால் நின்ற ஒரு அப்பா, "கரெக்ட், பால்தான் எடுத்தா" என்றார். இன்னொரு அம்மா தலையாட்டினாள். தரையில் அந்தப் பெண் கத்திக்கொண்டிருக்க, ஒரு நிமிடத்துக்குள் மைதானம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பால்தான் எடுத்தா. நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் காலை மடியில் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்த வாக்கியத்தைச் சிட்டுவுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அதே இரண்டு சொற்களை, அதே போலக் கைகளை விரித்து, இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் சொன்னவள் நான்.

யுனிவர்சிட்டி அணிக்கான தேர்வு ஆட்டம். நம்மையே இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார் பி.டி. மேடம். வலது ஓரத்துக்கு ஓர் இடம்தான் இருந்தது, அதற்கு நீயும் நானும். மயிலாப்பூரிலிருந்து ஐந்தாம் நம்பர் ஷூவும் காலுறையும் வாங்கிக்கொண்டு வந்தவள் நான். ராயப்பேட்டைச் சந்தில் வெறுங்காலில் அண்ணன்களோடு ஆடி வளர்ந்தவள் நீ. யாருக்கு அந்த இடம் என்று மைதானத்துக் காவலாளிக்குக்கூடத் தெரியும். உன்னிடம் மேடம் சொல்லும் ஒரே குறை, "பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே இருக்காதேடி, லேட்டா விடுற" என்பது. "இன்னா மேடம், அது என்கூடவே வருது, நான் இன்னா பண்ணட்டும்?" என்பாய்.

அன்றைக்கு உன் பின்னாலிருந்து நான் வந்தேன். நீ விழுந்தாய். மேடம் விசில் ஊதினார். "பால்தான் எடுத்தேன் மேடம்" என்றேன். நீ முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். என்ன நடந்தது என்று மேடம் உன்னைக் கேட்டார். நீ சொன்னாய், "அவ பால்தான் எடுத்தா மேடம். நான்தான் லேட்டா விட்டேன்."

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைகூட இல்லை. உனக்கு இரண்டு எலும்பும் போயிருந்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு கிடந்த உன்னைப் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு ஆரஞ்சுப் பையோடு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் நீ சிரித்தாய். "வாடி பால்காரி. பால் எடுத்தியாமே, எத்தினி லிட்டர்?" பக்கத்துக் கட்டில் அம்மாவும் சிரித்தாள். உனக்கு எல்லாம் தெரியும், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, குத்திக்காட்டுகிறாய், அதோடு மன்னித்தும்விட்டாய் என்று அந்தக் கட்டில் ஓரத்தில் நின்றபடி முடிவு செய்துகொண்டேன். யுனிவர்சிட்டிக்கு வலது ஓரத்தில் ஆடினேன். அந்த வருடம் கோப்பை வந்தது. குழுப் படத்தில் முதல் வரிசையில் நான்.

அதற்குப் பிறகு நீ ஆடவில்லை. தி.நகரில் ஒரு துணிக்கடையில், இரண்டாவது மாடிப் பட்டுப் பிரிவில், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றாய். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்பாய். அது உன் ஒயில் என்று வாடிக்கையாளர்கள் நினைத்திருப்பார்கள். விற்பனைப் பெண்களுக்கு ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்த வாரம் எனக்கு போன் செய்தாய். "ஸ்டூல் குட்த்துட்டாங்கடி! உக்காந்தே நூறு புடவை பிரிச்சேன் இன்னிக்கி. கால் இன்னாமா கீது தெரியுமா!" நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றேன்.

கடைக்கு நான் வரும்போதெல்லாம் புதிதாய்ச் சேர்ந்த பெண்களிடம் என்னை அறிமுகப்படுத்துவாய். "இவ யுனிவர்சிட்டி ப்ளேயர். நானும் ஆடினவதான். பந்தை லேட்டா வுட்டேன், கால் போச்சு. அதான் சொல்றேன், கஸ்டமர் வேணாம்னு சொன்ன புடவையைக் கையில வெச்சிக்கினு நிக்காதீங்க, சட்டுனு வுட்டுடுங்க." அவர்கள் சிரிப்பார்கள். நானும் உன்னைப் பார்த்து, நமக்குள் மட்டும் தெரிந்த ஒன்றுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிப்பேன். ஒரு தடவை நீ, "இன்னாடி, ஏன் அப்படிப் பாக்குற?" என்று கேட்டாய். நடிக்கிறாய் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒருநாள் டிவியில் ஆட்டம் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஒருவன் பாய்ந்து இன்னொருவனை வீழ்த்த, ஸ்ட்ரெச்சர் வந்தது. வேண்டுமென்று செய்தானா இல்லையா என்று வர்ணனையாளர்கள் மாற்றி மாற்றிப் பேசினார்கள். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாய், "மனசுல இன்னா கீதுன்னு ரெஃப்ரீக்கு இன்னாத்துக்கு? காலைப் பாத்தா போதாதா? ரெண்டு காலும் தரையில இல்லன்னா அவனால நிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அப்ப அது பந்துக்குப் போற கால் இல்ல. உடனே வெளிய அனுப்பு, ஆறு மாசம் வூட்ல உக்கார வை." கொஞ்சம் கழித்து, "அடிச்சவன் பத்து நிமிசத்துல ஓடிக்கினு கீறான். வாங்கினவன் கட்டில்ல. இன்னா நியாயம்டி?" என்றாய். எனக்குத்தான் சொல்கிறாய் என்று எழுந்து காபி போடப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வரும்போது சிட்டுவைக் கேட்டேன். "நிஜமா பாலைத்தான் பார்த்தியா?"

வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோச் சொன்னாரும்மா. முதல் பத்து நிமிஷத்துக்குள்ள அவளுக்கு ஒண்ணு குடுத்துடு, அப்புறம் அவ பந்துகிட்டயே வரமாட்டா."

"காலு உடைஞ்சா?"

"உடையும்னு யாருக்குத் தெரியும்? எல்லோ கார்டுதாம்மா வரும்னு சொன்னார். எல்லோதான் வந்துச்சு."

அப்படியே சொன்னாள். மழை வரும் என்றார்கள், வந்தது என்பதைப் போல. பதினான்கு வயதில் என் மகள் ஒரு காலுக்கு என்ன தண்டனை என்று முன்கூட்டியே விசாரித்து, அது பரவாயில்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு குதித்திருக்கிறாள். அந்த நடுவர் சட்டைப்பையில் வைத்திருந்த மஞ்சள் அட்டை அவளைத் தடுக்கவில்லை, தெம்பு கொடுத்திருக்கிறது. கடுமையாகத் தண்டித்தால் பிள்ளைகள் பயந்து பயந்து ஆடுவார்கள் என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். "உடம்பு மேல உடம்பு படுற கேம் சார், பயமா இருந்தா கேரம் ஆடட்டும்" என்று ஒருவர். படட்டும். தோள் படட்டும், இடுப்பு படட்டும், நானும் பட்டுத்தான் ஆடினேன். பின்னாலிருந்து பறந்து வருகிற இரண்டு கால்களுக்கு ஒரு பெண் பயப்படலாம் என்றால், அப்படிப் பறக்க இன்னொரு பெண்ணும் பயப்படட்டுமே. அந்தப் பயத்தை ஏன் அடி வாங்குகிறவளுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்?

திங்கட்கிழமை கோச் கூப்பிட்டார். எதிர் அணியினர் லீக் நடத்துகிறவர்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள், சீசன் முழுக்கத் தடை கேட்கிறார்கள் என்றார். "நீங்க யுனிவர்சிட்டி ப்ளேயர் மேடம். பந்தைத்தான் எடுத்தான்னு நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தா கேஸே நிக்காது. அடுத்த வாரம் ஸ்டேட் செலக்‌ஷன். பாப்பா கண்டிப்பா உள்ள போயிடுவா." அவர் குரலில் ஒரு கெடுதலும் இல்லை. சிட்டு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் எழுதவில்லை. நேற்று லீக் நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்ததை எழுதினேன். இரண்டு கால்களும் காற்றில் இருந்தன, பின்னாலிருந்து வந்தாள், பந்து அவள் எட்டும் தூரத்தில் இல்லை, சிவப்பு அட்டை காட்டியிருக்க வேண்டும், கேட்டிருக்கும் தடை சரியானது. கோச் சொல்லி அனுப்பியதையும் எழுதினேன். சிட்டு படித்தாள். "நீ என் அம்மாவா இல்ல அவளுக்கு அம்மாவா?" என்று கேட்டாள். அதிலிருந்து சாப்பாட்டை அவளே போட்டுக்கொள்கிறாள்.

இன்று மதியம் கோபாலபுரத்தில் அடிபட்ட பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அந்தக் கடிதத்தின் பிரதியை அந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் அம்மா கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே விட்டாள், கடிதத்தை வாங்கிக்கொண்டு கண்ணாடி தேடப் போனாள். அந்தப் பெண் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டில் யாரோ பூ வரைந்திருந்தார்கள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கவா? அவ வேணும்னுதான் பண்ணாளா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். தோள்கள் இறங்க, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "அப்பாடா. எனக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னே தெரியல ஆன்ட்டி. எல்லாரும் பால்தான் எடுத்தான்னு சொன்னாங்களா, சரி, நான்தான் ரொம்ப நேரம் வெச்சிருந்துட்டேன் போலன்னு நெனச்சேன். நாலு நாளா தூக்கமே வரல. என் தப்புதான்னே நெனச்சுட்டேன்."

அம்மா காபி எடுத்து வந்ததும், நான் அதைக் குடித்தேனா என்பதும் நினைவில்லை. தெருவுக்கு வந்து ஒரு வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரர், "இன்னாக்கா, மயக்கமா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

நான் உன் பின்னாலிருந்துதானே வந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. மேடம் உன்னைக் கேட்பதற்கு முன்னால் நான்தான் பேசினேன். நான் சொன்னதை நீ நம்பினாய். என்னைக் காப்பாற்ற நீ பொய் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாய், அந்த உண்மையை உனக்குக் கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரியில் நீ செய்தது வெறும் கிண்டல். கடைப் பெண்களிடம் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. இருபத்துநான்கு வருடம் சாய்ந்து நின்றபடி, அந்தக் கால் போனது உன் தவறு என்றே நினைத்துக்கொண்டிருந்தாய். நானோ நீ மன்னித்துவிட்டாய் என்று நிம்மதியாக உன்னிடம் தீபாவளிப் புடவை எடுத்தேன்.

ஒரு தடவை வாய் திறந்திருந்தால், அந்தச் சின்னப் பெண் விட்ட மூச்சை நீயும் விட்டிருப்பாய். இனி அதைக் கேட்க வழியில்லை. ஒரு சீசன் தடை என் மகளுக்கு என்ன செய்யும் என்று தெரியவில்லை. அன்று மேடம் என்னை வெளியே அனுப்பியிருந்தால், குறைந்தபட்சம் நடந்தது ஒரு தவறு, அது உன்னுடையது அல்ல என்று அந்த மைதானமாவது உனக்குச் சொல்லியிருக்கும்.

இனி நான்தான் சொல்ல வேண்டும், நீ இல்லாத இடத்தைப் பார்த்து. நீ லேட்டாக விடவில்லை. சரியான நேரத்தில் விட்டாய். பந்து உன் காலை விட்டு இடது ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. அது போவதைப் பார்த்த பிறகுதான் நான் குதித்தேன்.