பம்பு வீட்டில் பிறந்தவள்

என் உயிரான சூசையண்ணே,

இயந்திரத்துக்குக் கட்டிய கொட்டடியில் நீ மனுஷியைக் குடிவைத்தாய். சன்னலே இல்லாத அந்தச் சுவரின் ஈரம்தான் உன் நெஞ்சில் ஏறி உன்னைக் கொன்றது. உன் அடக்கப் பூசையில் சாமியார் இதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஆனால் வேறு எங்கே போயிருப்பாய்? முதலியார்பேட்டைக்கு மின்சார மோட்டார் வந்ததும், நீ கரி அள்ளிப் போட்ட நீராவிப் பம்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உன்னையும் நிறுத்திவிட்டார்கள். காலியாகக் கிடந்த பம்பு வீட்டுக்குள் யாரையும் கேட்காமல் அண்ணியோடு நுழைந்தாய். கொதிகலன் இருந்த குழியை மண்கொட்டி மூடினாய். புகைபோக்கிக்கு நேர் கீழே அடுப்பு வைத்தாய். இன்றும் அண்ணி உலை வைத்தால் புகை கண்ணைக் கரிப்பதில்லை. அதை மட்டும் சரியாகச் செய்தாய்.

உனக்கு மகள் பிறந்திருக்கிறாள், அண்ணே. நீ போன இரண்டாம் மாதம். மூக்கு அப்படியே உன்னுடையது.

பிறப்பைப் பதிய நான்தான் பிரெஞ்சு சர்க்கார் கச்சேரிக்குப் போனேன். கிளம்பும்போதே அண்ணி சொன்னாள்: "கனகசெட்டிக்குளத்துல எங்கம்மா வூட்ல பொறந்துதுன்னு சொல்லிடு தம்பி. பம்பு பேச்சே எடுக்காத."

பொய் எதற்கு என்று நினைத்தேன். பிறந்த இடம் கேட்டதும், "பழைய பம்பு வூடு, முசே" என்றேன்.

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பம்புல தண்ணிதானப்பா வரும்? புள்ள எப்பிடி வந்துது?"

"ரெண்டு வருஷமா அங்க மனுஷங்க இருக்காங்க. எழுதுங்க."

எழுதினார். எட்டாம் நாள் சேவகன் வந்து நின்றான். சர்க்கார் கட்டடத்தில் ஆள் இருப்பது அந்த ஏட்டைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. "உங்கண்ணன் இருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டாரு" என்றாள். உண்மையா, அண்ணே? எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு குடியிருந்திருப்பாய்?

சொன்னதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். உன் மகளைத் தெருவில் நிற்க விடவும் மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. நேற்று மனு எழுதிக்கொண்டு மறுபடி போனேன். மேலதிகாரி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்று தடவை சொன்னேன்:

"ஒரு கொழந்த பொறந்த எடம்னு நீங்களே எழுதிட்டீங்க, முசே. இனிமே அது பம்பு இல்ல. அண்ணி பேருக்கு அத வூடுன்னு எழுதிக் குடுங்க."

உன் பின்பிறந்தவன்,
சவரி