வேறு யாரைக் கூப்பிடுவது

அக்கா,

நீங்கள் இஸ்திரி வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் இன்று காலை ஒரு கம்பம் நட்டுவிட்டார்கள். நம் தெரு முனைக்கு இது மூன்றாவது கேமரா. ஏணியில் நின்று வேலை பார்த்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். போனைத் திருப்பிக் காட்டினார். "சூப்பரா தெரியுது பாருங்க மேடம். உங்க கேட்டு, ரோடு, டிரான்ஸ்பார்மர், எல்லாமே." எல்லாம் தெரிந்தது. உங்கள் இஸ்திரிப் பெட்டியின் கரி விழுந்து விழுந்து கறுத்துப்போயிருந்த தரை மட்டும் தெரியவில்லை. அதன்மேல் புது சிமெண்ட் பூசியிருந்தார்கள்.

கோவில்பட்டியிலிருந்து நாங்கள் சேக்காட்டுக்குக் குடிவந்த புதிதில், என்னிடம் முதலில் பேசியது நீங்கள்தான். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவள் நான். பகலெல்லாம் இந்தக் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த முகம் உங்களுடையதும் உங்கள் தம்பி சேகருடையதும்தான். "துணிய இங்கன வச்சிட்டுப் போகட்டுமா?" என்று நான் கேட்டதற்கு, "இங்கனயா? எங்கனமா கீது உங்க ஊரு?" என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சேகரும் சிரித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், காதில் யார் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லி ஒருநாள் பாதி வேலையில் எழுந்து வந்துவிட்டார் என்று பிறகு சொன்னீர்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போகும் மாதங்களில் அவர் இருக்கும் இடமே தெரியாது. துணியை வாங்கி எண்ணி அடுக்குவார். மாத்திரை தவறினால் தெருவில் வேகமாக நடப்பார், தண்ணீர் லாரியைப் பார்த்துக் கத்துவார். நீங்கள் ஓடிப்போய்ப் பிடிக்க மாட்டீர்கள். கொஞ்சம் தள்ளி, அவர் நடக்கிற வேகத்துக்கே கூட நடப்பீர்கள். "சேகரு, டீ ஆறுது பாரு. வா நைனா, குடிச்சிட்டு வந்து கத்து." நாலைந்து தடவை சொன்னால் போதும், திரும்பிவிடுவார்.

புது அடுக்குமாடிக்காரர்களுக்கு அது தெரியாது. அப்படி யாரோ ஒருவர் நூறுக்குப் போன் அடித்த அன்று, இரண்டு போலீஸ்காரர்கள் வண்டியில் வந்து பெயர் கேட்டார்கள். சேகர் பதில் சொல்லாமல் கத்திக்கொண்டே இருந்தார். லத்தி இறங்கியது. கையை நீட்டித் தடுத்ததில் மணிக்கட்டு உடைந்தது. நீங்கள் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனீர்கள். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. களைத்துப்போனவர். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும்? போன் வந்தா வர்றோம். கையில கீறது லத்திதான். நாங்க இன்னா டாக்டரா?" என்றார்.

நான் கொதித்துப்போய் வெளியே வந்தேன். நீங்கள் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினீர்கள். ஏறி உட்கார்ந்ததும் சொன்னீர்கள்: "அவரு சொன்னது நாயம்தாம்மா. அவரு டாக்டரு இல்ல. அப்ப டாக்டர அனுப்பு. இல்ல ஒரு நர்சம்மாவ அனுப்பு. அத்தத்தான் நாம கேக்கணும்."

அந்த வாரமே என் லேப்டாப்பில் மனு தட்டினோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மனநிலை சரியில்லாதவர் கத்தினால், குடித்துவிட்டு ஒருவன் வீட்டில் கலாட்டா செய்தால், போலீசுக்கு முன்னால் வர வார்டுக்கு இரண்டு பேர் வேண்டும். பேசத் தெரிந்தவர்கள், பயிற்சி எடுத்தவர்கள். ஒரு வண்டி, ஒரு போன் நம்பர். பாதுகாப்புக்கென்று வார்டுக்கு வந்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் தரவேண்டும். "பின்னாடி சந்துக்கு லைட்டும் போட்டுக்கோ. அங்க பொம்பளப் புள்ளைங்க நடக்குது" என்று கடைசியில் சேர்க்கச் சொன்னீர்கள். துணி கொடுக்க வந்த அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினீர்கள்.

வார்டுக் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. கவுன்சிலர் மனுவை முழுக்கப் படித்தார், மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல விஷயம்தான்க்கா. ஆனா கேமராவுக்கு ஹெட் கீது, ஜீப்புக்கு ஹெட் கீது. நீங்க கேக்கறதுக்கு ஹெட் இல்ல. எந்தக் கணக்குல எழுதுறது?"

"தம்பிக்குத் தல சரியில்லன்னு நான் வந்து நின்னா, உங்க கணக்குக்கும் தல இல்லன்றீங்களே சார்" என்றீர்கள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. கவுன்சிலரும் சிரித்தார். சிரித்து முடித்து, கேமரா வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். கைகள் எழுந்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் தூக்கினார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். மறுநாள் அவருடைய சட்டைகளை எப்போதும் போலத்தான் தேய்த்துக் கொடுத்தீர்கள்.

ஆனால் மடித்த துணிகளின் மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எல்லா வீட்டுத் துணியிலும் வைத்திருந்தீர்கள். உங்கள் பேத்தியின் குண்டு எழுத்தில்: 'சேகர் கத்தினால் எனக்கு போன் பண்ணவும். போலீஸ் வேண்டாம்.' கீழே உங்கள் நம்பர்.

ஏழெட்டு மாதம் அது நடந்தது. சேகருக்காக மட்டும் இல்லை. இரண்டாவது பிளாக்கில் ஒருவர் குடித்துவிட்டு மனைவியை வெளியே தள்ளியபோது உங்களைத்தான் கூப்பிட்டார்கள். மறதி வந்த பெரியவர் ஒருவர் காணாமல் போனபோது, நெமிலிச்சேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து பேசிக்கொண்டே கூட்டிவந்தீர்கள். எதற்கும் காசு வாங்கவில்லை. "இத்த ஒரு ஆளு செய்யக்கூடாதும்மா. நான் பூட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் புதன்கிழமையை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பூந்தமல்லியில் உங்களுக்குத் தெரிந்த பாய் வீட்டில் கல்யாணம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனீர்கள். பிற்பகலில் கேட் பக்கம் சத்தம் கேட்டது. சேகர் ஒரு இரும்புக் கம்பியால் கேட்டை அடித்துக்கொண்டிருந்தார். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்தவள் கேட்டுக்கு வெளியே, பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

உங்கள் நம்பரை அழுத்தினேன். மணி அடிக்கும் சத்தம் கீழே கேட்டது. போனை வண்டி டிராயரிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தீர்கள். மறுபடி அடித்தேன். மறுபடி கீழேதான் அடித்தது.

நான் இறங்கிப் போயிருக்கலாம். அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். டீ ஆறுது என்று சொன்னால் போதும். அவர் என்னை அடித்திருக்க மாட்டார் என்று இன்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. மாடியில் நின்றபடியே நூறுக்கு அடித்தேன்.

அவர்கள் வந்தார்கள். சேகரைத் தரையில் போட்டு முழங்காலால் அழுத்தினார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அவர் உங்களைத்தான் கூப்பிட்டார். மூன்றாம் நாள் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொடுத்தார்கள். வலிப்பு என்று எழுதியிருந்தது. அவருக்கு வலிப்பு வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. விசாரணை என்று ஒருவர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார். நானும் பார்த்ததைச் சொன்னேன். போன் செய்தது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அதைப்பற்றிப் பேச்சே இல்லை.

காரியம் முடிந்து நீங்கள் மறுபடி வண்டியைத் திறந்த அன்று, துணிப்பையோடு வந்து நின்றேன். நீங்கள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டீர்கள். "போன் பண்ணது நீதான?"

"ஆமாக்கா."

துணிமேல் தண்ணீர் தெளித்தீர்கள். பெட்டியை இரண்டு முறை ஓட்டினீர்கள்.

"பாப்பா உள்ள வந்துட்டாளா அன்னிக்கு?"

"வந்துட்டா."

"எனக்கும் அடிச்சிருந்த. ரெண்டு வாட்டி. அப்பால போன்ல பாத்தேன்." துணியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "வேற யாரத்தான் கூப்புடுவ?"

நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் துணியையும் தேய்த்துக் கொடுத்தீர்கள். அதன்பிறகு துணிமேல் சீட்டு வைக்கவில்லை. யாராவது கூப்பிட்டாலும் போகவில்லை. அடுத்த வருஷம் சர்க்கரையில் கால் புண்ணாகி, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேயே முடிந்துவிட்டது. வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டு உங்கள் மகள் பேத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

மனுவை நான் விடவில்லை அக்கா. ஆன்லைனில் மறுபடி இரண்டு முறை போட்டேன். 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது' என்று இரண்டு முறையும் ஒரே பதில். மூன்றாவது முறை போட உட்கார்ந்தேன். உங்கள் வாக்கியங்களைப் படித்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். ஸ்டேஷனுக்குப் புது ஜீப் வந்திருக்கிறது. பின்பக்கச் சந்து இன்னும் இருட்டாகவே இருக்கிறது. என் மகள் கல்லூரியிலிருந்து வரும்போது சுற்றித்தான் வருகிறாள்.

போன வாரம் ஒரு மத்தியானம் எங்களுக்கு மேல்மாடியில் சாமான்கள் உடைந்தன. அங்கே ஒரு அம்மாவும் மகனும். வேலை போனதிலிருந்து அவன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. அந்த அம்மா அலறியது எங்கள் ஹாலில் கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, போலீசக் கூப்பிடவா?"

"வேண்டாம்" என்றேன்.

"அப்ப என்ன பண்றது?"

போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியேறினேன். கதவு முன்னால் நின்று தட்டக் கையைத் தூக்கினேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கையைத் தூக்கியபடி நின்றிருந்தேன். கொஞ்சநேரத்தில் உள்ளே சத்தம் அடங்கியது. எப்படி அடங்கியது என்று கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் லிப்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை இழுத்து வலது கையை மூடியிருந்தார். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். "இருக்கேன்" என்றார். எங்கள் மாடி வந்ததும் நான் இறங்கிக்கொண்டேன்.