புள்ளி வைத்த திருகாணி

அக்டோபர் 9, 2019. நுவாக்சூத்

இன்று இஸ்ஸல்மு எனக்குத் தலாக் சொல்லிவிட்டான். என் கடை வாசலில் நின்று, ஏழு ஆண்கள் பார்க்க, ஒரே ஒரு தடவை.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு எனக்கே சாதகமாக மாற்றிக்கொள்வேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

துபாயிலிருந்து போன வாரம் அறுநூறு திருப்புளி பிட் இறக்கினேன். பழைய லேண்ட் குரூசர் ஒன்றின் கதவுக் கீலைக் கழற்ற இஸ்ஸல்மு அதில் மூன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டு போனான். அரைமணி கழித்து வந்து பிட்டை மேசையில் வைத்தான்.

"மூணு திருகாணி தலையைத் தின்னுடுச்சு தெக்பர். இது உக்காரல. வித்துறாதே."

கடை நிறைய மெக்கானிக்குகள். அதில் நாலு பேர் கையில் என் பிட் பாக்கெட். இவன் பேச்சைக் கேட்டால் நாலு பேரும் கீழே வைத்துவிடுவார்கள்.

"பிட்டுல ஒரு குத்தமும் இல்ல. பிடிக்கிற கையில பலம் இருந்தா உக்காரும்" என்றேன்.

சிரித்தார்கள். இஸ்ஸல்முகூட வேலை செய்கிற டெம்பாவும் சிரித்தான்.

"திருப்பிச் சொல்லு" என்றான் இஸ்ஸல்மு.

சொன்னேன். ஏன் சொன்னேன்? முதல் தடவை வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை?

தலாக் சொன்னான். கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். நாலு பேரும் பாக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

அக்டோபர் 10

தேநீர் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். வழக்கம்போல மூன்று சுற்று. ஆறு குவளையும் நானே குடித்தேன்.

அக்டோபர் 13

இஸ்ஸல்மு அத்தார் ஊரில் இருக்கிறானாம். சுற்றுலாக்காரர்களை மலைக்கு ஏற்றிப்போகும் பழைய வண்டிகள் அங்கே ஏராளம். வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

தங்கை நெவீஸா உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

"சத்தம் வெளிய போகப்போகுது! மூஞ்சியக் கழுவு. வியாழக்கிழமை தலாக் விருந்து வைக்கிறோம்."

"எனக்கு வேண்டாம்டி."

"உனக்கு வேண்டாம்னா? உம்மாவுக்கு வெச்சாங்க, பெரியம்மாவுக்கு மூணு தடவை வெச்சாங்க. நீ மட்டும் மூலையில உக்காந்தா, தப்பு உன்மேலதான்னு ஊரு பேசும்."

தப்பு என்மேல்தானே? இதை அவளிடம் சொல்லவில்லை.

"ஒத்தத் தலாக்தானே" என்றாள் உம்மா. "மூணாவது மாசவிலக்கு வர்ற நாள் வரைக்கும் அவன் திரும்பி வரலாம். புதுசா மஹர் பணம் வேண்டாம், யார் கால்லயும் விழ வேண்டாம். 'வந்துட்டேன்'னு சொன்னாப் போதும். முரசுச் சத்தம் காதுல விழுந்தா ஓடி வருவான் பாரு. உங்க வாப்பா அப்படித்தான் வந்தாரு."

அக்டோபர் 17

விருந்து முடிந்தது. மருதாணி, ஆட்டுக்கறி, முரசு. புது நீல மெல்ஹ்ஃபா கட்டிவிட்டார்கள். குலவையிட்டுக்கொண்டே நெவீஸா என்னை நடுவில் தள்ளினாள்.

ஆடினேன். செய்வதைத் திருந்தச் செய்கிறவள் நான், அதனால் நன்றாகவே ஆடினேன். ஒரு கட்டத்தில் சிரித்தேன் கூட. மெல்ஹ்ஃபாவின் முந்தி பறந்து ஒரு கிழவி முகத்தில் அடித்தது, அதற்குத்தான்.

அக்டோபர் 21

இரண்டு மெக்கானிக்குகள் பிட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "நழுவுது அக்கா."

கடையைப் பாதி சாத்திவிட்டுச் சோதித்தேன். அரம் வைத்துத் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடவில்லை, ஆழமாகக் கடிக்கவும் இல்லை. வைஸில் பிடித்துச் சுத்தியலால் போட்டேன். உடையவில்லை. எஃகு நல்ல எஃகுதான்.

பிறகு இஸ்ஸல்முவின் தக்காளி டப்பாவைக் கவிழ்த்தேன். தேய்ந்த பிட், பழைய திருகாணி எல்லாவற்றையும் அதில்தான் போட்டு வைப்பான். ஒரு கீல் திருகாணியை எடுத்துப் பார்த்தேன். தலையில் கூட்டல் வெட்டு, பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி. ஜப்பான்காரன் வெட்டு என்பதற்கு அந்தப் புள்ளிதான் அடையாளம். என் பிட்டை அதில் வைத்தேன். கூர்முனை அடியில் போய் முட்டிவிட்டது. நாலு இறக்கைகளும் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கின்றன. எந்தப் பயில்வான் திருகினாலும் நழுவும்.

கையில் தப்பே இல்லை.

நான் துபாய்க்குப் போகும்போதெல்லாம் என் மெல்ஹ்ஃபா முந்தியில் ஒரு திருகாணியை அவன்தான் முடிந்து விடுவான். "பளபளப்பப் பாக்காதே, இதுல வெச்சுப் பாரு." பதினொரு வருஷம். இந்தத் தடவை கிளம்புகிற நேரத்தில் ஏதோ அற்பச் சண்டை. முடிச்சை அவிழ்த்துத் திருகாணியை ஜன்னலில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கடைச் சாவியை முடிந்துகொண்டு போனேன்.

இப்போதும் ஜன்னலில்தான் இருக்கிறது.

அக்டோபர் 24

விலக்கு வந்தது. ஒன்று.

அக்டோபர் 30

வழி கிடைத்தது. சாணைக்கல்லில் முனையை மட்டும் ஒரு நகக்கீற்றளவு எடுத்துவிட்டால் பிட் உள்ளே இறங்கி உட்காருகிறது. அதிகம் எடுத்தால் வீண். சூடேறி நீலம் பாய்ந்தாலும் வீண், எஃகு மெத்தென்று போய்விடும். மூன்று எண்ணுவதற்குள் தண்ணீரில் முக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது செய்கிறேன், விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

வாங்க வருகிறவர்களிடம் இனி இதைத்தான் சொல்கிறேன். முப்பத்திரண்டு பிட் அடுக்கிய பெட்டி வாங்காதே, அதில் முப்பது உனக்கு வேண்டாதது. இரண்டாம் எண்ணில் மூன்று, மூன்றாம் எண்ணில் இரண்டு, தனித்தனியாக வாங்கு. சுத்தியலால் அடித்துத் திருகுவதாக இருந்தால் ரொம்பக் கடினமானதை எடுக்காதே, தெறித்துக் கண்ணுக்குப் போகும். கடற்கரை வண்டி என்றால் முதல் நாளே துருவுக்கு எண்ணெய் விடு. உன் வண்டித் திருகாணி ஒன்றைக் கையோடு கொண்டு வா. வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதே.

எல்லாம் அவன் சொன்னவை. நான் விற்கிறேன்.

நவம்பர் 8

டெம்பா அத்தாருக்குப் போய்த் திரும்பியிருக்கிறான். கடைக்கு வந்து, உட்காராமல் நின்றான்.

"அக்கா, சொன்னா அடிக்கமாட்டியே?"

"சொல்லித் தொலை."

"அண்ணன் போன மாசமே கிளம்பி வந்துச்சு. உன் விருந்து முடிஞ்ச மறுநாள். அக்ஜூஜ்த் வரைக்கும், பாதி வழி வந்துருச்சு. தேநீர் குடிக்க வண்டி நின்ன இடத்துல, இங்கேருந்து போன ஒரு டிரைவர் கதை சொல்லியிருக்கான். நீலத் துணி, முரசு, நீ ஆடின ஆட்டம்... சிரிச்சியாம். அண்ணன் பெட்டிய இறக்கிட்டு, எதிர் வண்டியில ஏறித் திரும்பிப் போயிருச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அது வழக்கம்டா! அவனும் இந்த மண்ணுலதானே பொறந்தான்? அவன் உம்மா ஆடலையா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வழக்கம்னு எனக்கும் தெரியும் டெம்பா. ஆனா வழக்கத்துக்கு ஆடுறவ அவ்வளவு நல்லா ஆடமாட்டா'ன்னுச்சு."

உட்கார்ந்துவிட்டேன்.

"கொஞ்சம் மட்டமா ஆடியிருக்கலாம்ல அக்கா?" என்றான் டெம்பா. கிண்டல் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டான்.

நவம்பர் 9

அக்ஜூஜ்த் வரை வந்தான். அக்ஜூஜ்த் வரை வந்தான் —

நவம்பர் 15

அவனுக்கு அனுப்பப் போனில் குரல் பதிவு செய்தேன். நாலு தடவை. அழித்தேன். தலாக் வாங்கியவள் பின்னால் ஓடுவதா என்று நெவீஸா கேட்பாள். அவள் கேட்பது இருக்கட்டும், ஐந்தாவது தடவை பேச எனக்கே வாய் வரவில்லை. ஒரு டிரம் கிரீஸை ஒட்டகக்காரனுக்கு விற்றவள் நான்.

நவம்பர் 21

இரண்டு.

நவம்பர் 23

அன்றைக்கு இருந்த ஏழு பேரையும் தேநீருக்குக் கூப்பிட்டேன். அந்த லேண்ட் குரூசர் திருகாணியையும் அந்தப் பிட்டையும் மேசையில் வைத்தேன்.

"பிட் தப்பு. வாங்கினவ நான். இஸ்ஸல்மு கை சரியா இருந்துச்சு, சொன்னதும் சரி. என் வாய்தான் தப்பு. வாங்கின பிட்டக் கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நவம்பர் 24

முனை எடுத்த பிட் ஒன்று, ஜன்னலில் கிடந்த திருகாணி ஒன்று. பழைய மெல்ஹ்ஃபாவில் ஒரு முழம் கிழித்து, இரண்டையும் சேர்த்து முடிந்து டெம்பாவிடம் கொடுத்து அனுப்பினேன். முடிச்சு இஸ்ஸல்மு போடுகிற மாதிரியே போட்டேன். கடிதம் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டுமோ?

டிசம்பர் 6

பதில் வந்தது, டெம்பா வாயால். "பிட் நல்லா உக்காருது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அக்கா."

"துணிய என்ன பண்ணினான்?"

"பார்க்கல."

டிசம்பர் 13

நாள் எண்ணுகிறேன். இன்னும் ஆறு நாளோ ஏழு நாளோ. அத்தார் வண்டி நிற்கிற இடத்துக்கு இன்று ஒரு வேலையும் இல்லாமல் போய் நின்றேன். பதினான்கு பேர் இறங்கினார்கள்.

டிசம்பர் 17

ஒன்பது பேர்.

டிசம்பர் 19

காலையில் வந்துவிட்டது. மூன்று.

கடை திறக்கவில்லை.

டிசம்பர் 28

மத்தியானம் போன் அடித்தது. அவன் குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம்."

நலம் விசாரித்தோம். உடம்பு எப்படி, உம்மா எப்படி, அங்கே குளிர் எப்படி, மழை உண்டா. யாரோடு யார் பேசினாலும் கேட்கிற அத்தனையும் கேட்டு முடித்தோம்.

"எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னியாம்" என்றான்.

"சொன்னேன்."

"டெம்பா போன வாரம்தான் சொன்னான். துணி கொண்டாந்தப்ப வாயே திறக்கல."

போன வாரம். பத்தொன்பதாம் தேதிக்கு முன்னாலா பின்னாலா, எந்தக் கிழமை என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க எல்லார்கிட்டயும் பழைய வண்டிதான்" என்றான். "முனை எடுத்த பிட் நூறு வேணும். மூணாம் எண் நாப்பது, ரெண்டாம் எண் அறுபது. என்ன விலை?"

பதினொரு வருஷத்தில் அவன் என்னிடம் கேட்காத கேள்வி. வேண்டியதை டப்பியில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போவான்.

"வழக்கமா வாங்குறவங்களுக்கு முப்பது" என்றேன்.

"சரி."

பேரம் பேசவில்லை. பேசுவான் என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

நூறு பிட், ஒன்று முப்பது உகியா. வியாழக்கிழமை அத்தார் வண்டியில் போகும். வண்டிக்கூலி அவனுடையது.