பாறணை இல்லாத விரதம்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்றியல்
மார்கழி 7, ஞாயிறு

அன்புள்ள ராணி அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அடுத்த வரியில், அங்கே நீங்களும் சுகமென நம்புகிறேன் என்று எழுத வேண்டும். எழுதப் பார்த்தேன், கை போகவில்லை. நேரே விஷயத்துக்கு வரலாம் என்றால் அதற்கும் கை போகவில்லை. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து வாட்ஸப்பில் உங்கள் சாப்பாட்டைப் பற்றி நான் தொடங்கினாலே, "பிள்ளை, இந்தக் கல்லுச் சுவருக்குள்ளை சிக்னல் வராது, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். பேந்து எடுப்பதும் இல்லை. குரல் பதிவு அனுப்பினால் கேட்காமலே கிடக்கிறது. கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது. கூரியரில் அனுப்புகிறேன். இந்த வாரத்துக்குள் உங்கள் மலைக்கு வந்து சேர்ந்துவிடும் என்றார்கள்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பிரசாந் துறைமுகத்தில் பெட்டி ஏற்ற லொறியோடு வரிசையில் நிற்கும்போது கால் விறைக்கிறது என்று இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு போகிறார். சாருஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனைக் காலம். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். ஆனால் "பெரியம்மா எப்பிடி இருக்கிறா?" என்று மட்டும் இரண்டு நாளாகத் தமிழில் கேட்கிறாள். என் முகத்தில் என்ன தெரிகிறதோ தெரியவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு எந்தத் தட்டில் வைக்க வந்தேன் என்று மறந்து நிற்கிறேன்.

ஐப்பசியில் இத்தாலிக்கு உங்களிடம் வந்து நின்ற நாட்களைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொத்தென்சாவிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏற, பாறையின் உச்சியில் உங்கள் ஊர் அச்செரென்சா தெரிந்தது. முன் இருக்கையில் ஒரு ஜெர்மன் சோடி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். நானோ திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஆஸ்பத்திரி இருக்கிற நகரம் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு ஓர் அவசரத்துக்கு எங்கே ஓடுவீர்கள் என்பதுதான் எனக்கு வந்த முதல் நினைப்பு. என் புத்தி அப்படி, உங்களுக்குத் தெரியும்.

பஸ் தரிப்பில் நீங்கள் நின்றீர்கள். சட்டை தோளில் தொங்கியது. "என்னக்கா, இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்?" என்று கேட்டேன். "கேதார கௌரி பிடிச்சு முடிச்சிட்டு நிக்கிறன். நாளைக்குக் கந்தசட்டி தொடங்குது. மெலியாமல் பின்னை கொழுக்கிறதோ?" என்று சிரித்தீர்கள். அதோடு நான் அடங்கிவிட்டேன். மழை இருட்டினாலே பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்பட்டேன்.

அந்த ஊரை நான் எவ்வளவு ரசித்தேன் என்று நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. அந்தப் பழைய பெரிய மாதா கோயிலின் வாசலில் கல்லில் செதுக்கிய உருவங்களைத் தொட்டுப் பார்த்தேன். மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்து பீப்பாய்கள் வைத்திருக்கிற அறைகளுக்கு நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். புளிக்கிற திராட்சையின் மணம் தெருவெல்லாம் வந்தது. இறங்கியபோது சுகமாக இறங்கினீர்கள். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "இங்கையிருந்து பார், பள்ளத்தாக்கு வடிவாத் தெரியும்" என்றீர்கள். நானும் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தாக்கைத்தான் பார்த்தேன். உங்களைப் பார்க்கவில்லை.

நீங்கள் வீட்டோடு நின்று பராமரிக்கிற றொக்கீனா அம்மாவின் தம்பி மகனுடைய தோட்டத்தில் திராட்சை வெட்டப் போன நாளை நினைத்துப் பாருங்கள். மற்றத் தோட்டங்களில் எல்லாம் முடிந்து குளிர் தொடங்கும்போதுதான் அந்தக் கறுப்புத் திராட்சை பழுக்கும் என்றார்கள். மதியம் எல்லோரும் பாணும் கிழங்கும் வெட்டி வைத்துச் சாப்பிட, நீங்கள் சுடுதண்ணீர்ப் போத்தலோடு ஓரமாக இருந்தீர்கள். "உன் அக்கா காற்றைக் குடித்தே வாழ்கிறாள், எங்கள் திராட்சைக் கொடிகூட அப்படி வாழாது" என்று அந்த மருமகன் பகிடி விட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆறு நாள் உபவாசம், முருகனுக்காக, என்று என் பிரெஞ்சில் விளக்கம் கொடுத்தேன்.

இதைவிட மோசம், றொக்கீனா அம்மாவுக்கு நான் கொடுத்த விளக்கம். பிரெஞ்சும் இத்தாலியனும் கிட்டத்துச் சொந்தக்காரர் மாதிரித்தானே. அவர் ஆறுதலாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால் எனக்கு முக்கால்வாசி விளங்கும். நான் வந்த மறுநாளே, நீங்கள் கீழே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்து, "உன் அக்கா சாப்பிடுகிறாள் இல்லை" என்றார். நான் சிரித்துக்கொண்டு விரதத்தைப் பற்றிச் சொன்னேன். சுவர் மாடத்தில் அவருடைய மாதாவுக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்திருக்கிற முருகனை ஒரு பார்வை பார்த்து, "ஈட்டி வைத்திருக்கிற இந்தப் பையன் இவ்வளவு கண்டிப்பானவனா?" என்று கேட்டார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அடுத்த நாளும் நான் விளக்கினேன். உங்களோடு ஒரே கூரைக்குள் இத்தனை வருடம் இருக்கிற மனுசி என்னிடம் உதவி கேட்டிருக்கிறார். நான் அவருக்குச் சமய பாடம் எடுத்திருக்கிறேன்.

பிறகு பாறணை. ஆறு நாள் பட்டினி கிடந்தவர்கள் ஏழாம் நாள் காலையில் எவ்வளவு ஆசையாகச் சாப்பிட உட்காருவார்கள் என்று நமக்குத் தெரியாதா? விடியவே எழும்பிச் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் பாயாசமும் செய்து எனக்கும் றொக்கீனா அம்மாவுக்கும் பரிமாறினீர்கள். நீங்கள் ஒரு வாய் வைத்தீர்கள். தண்ணீர் குடித்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தீர்கள். கும்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு, "றொக்கீனாவுக்குக் குளிசை குடுக்க மறந்துபோனன்" என்று எழும்பிப் போனவர் திரும்பி வரவில்லை. நான் பாயாசம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் இவையெல்லாம் எனக்கு நல்ல நினைவுகளாகத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை இங்கே கோயிலில் ஞானாம்பிகை அன்ரியைக் கண்டேன். பிரசாதம் கட்டிக்கொண்டு, எல்லோரையும் நக்கலடித்துக்கொண்டு இருப்பாரே, அவர்தான். உங்களைப் பற்றி நான் பெருமையடித்தேன். கேதார கௌரி முடியக் கந்தசஷ்டி, அது முடியக் கார்த்திகைத் திங்கள், இப்போது பிள்ளையார் பெருங்கதை விரதத்தையும் தொடங்கிவிட்டார் என்றேன். "எடி பிள்ளை, உன்ரை அக்கா சாப்பிடுறதுக்கு நாள் பாக்கிறாவோ, இல்லாட்டிச் சாப்பிடாமல் இருக்கிறதுக்கு நாள் பாக்கிறாவோ?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பாறணைக் காலை அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

நேற்று, நீங்கள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தேன். கோபிக்காதீர்கள். றொக்கீனா அம்மா என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டார். கோடையில் பாண் தொண்டைக்குள் நிற்கத் தொடங்கியதாம். பிறகு பாணைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டீர்களாம். பிறகு வடித்த சூப். இப்போது அதுவும் திரும்பி வருகிறதாம். அவரைப் பார்க்க வைத்தியர் வருகிற நாட்களில் மட்டும் உங்களுக்குக் கடைக்குப் போகிற அவசர வேலை வந்துவிடுகிறதாம். கடைசியில் அவர் என்னிடம் கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சுகமில்லாதவர்களுக்கு எங்கள் சாமியார் நோன்பை விலக்கிவிடுவார். உங்கள் ஊரில் அப்படி ஒரு சாமியார் இல்லையா? அந்தப் பையனிடம் கேட்டு இவளை விட்டுவிடச் சொல்ல முடியாதா?" நான் சொல்லிக்கொடுத்ததை அவர் அவ்வளவு நம்பியிருக்கிறார், அக்கா.

அதனால் இன்று காலை குருக்களிடம் போனேன். உங்கள் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டுக் கேட்டேன். "சுகமில்லாத ஆக்களுக்கு விரதம் இல்லை எண்டது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே தங்கச்சி, இதுக்கு என்னைக் கேக்கோணுமே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தவர் விபூதியை மடித்துத் தந்து, "நான் சொன்னதெண்டு எழுதுங்கோ. பிடிச்ச விரதம் எல்லாம் நிறைஞ்சுது. இனி வைத்தியம் பாக்கட்டும்" என்றார். விபூதி இதற்குள் இருக்கிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். நான் படுத்தால் மிலானில் இருக்கிற மகன் றொக்கீனாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவான், வீட்டைப் பூட்டிவிடுவான் என்பீர்கள். நேற்று றொக்கீனா அம்மாவிடம் அதையும் கேட்டேன். மகனிடம் அவரே பேசிவிட்டாராம். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் தம்பி மகனின் மனைவி வந்து தங்குவதாகப் பேச்சு முடிந்துவிட்டது. "நான் உயிரோடு இருக்கும்வரை அவளுடைய அறை அவளுடையது என்று சொல்" என்றார். எனவே அந்தக் காரணமும் இனி இல்லை.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை நாங்கள் இருவரும் பேசியதில்லை. அம்மாவின் கடைசி மாதங்களில் நான் இங்கே வந்து புதிது. பக்கத்தில் இருந்து கரண்டியால் பால் பருக்கியது நீங்கள். தொண்டையில் சோறு நிற்பது என்றால் என்ன என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததால்தான் போகப் பயப்படுகிறீர்கள். ஆனால் அக்கா, அப்போது ஊரில் சண்டை, பாதை பூட்டியிருந்தது. பார்க்க வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. உங்களுக்கு இருப்பது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். உணவுக்குழாய் சுருங்குவதற்கு எத்தனையோ காரணம் உண்டு என்று வாசித்தேன். சுற்றிவரப் புத்தகங்களோடு வேலை செய்கிற எனக்கு அந்தப் பக்கத்துக்கு மேல் புரட்டத் துணிவு வரவில்லை. அதுவாகவே இருந்தாலும், நேரத்தோடு போனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறதாம்.

பிரசாந்திடம் நேற்றுச் சொன்னபோது முதலில், "நீ எதுக்குத்தான் பயப்பிடேல்லை? சும்மா இரு" என்றார். பிறகு நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேசை இறக்கினார். வருகிற ஞாயிறு நான் அங்கே நிற்பேன். திங்கட்கிழமை இருவரும் பொத்தென்சாவுக்குப் போகிறோம். அதற்கு முன் வைத்தியர் வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து கடைக்குப் போய்விடாதீர்கள். எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எனக்கு ஏதும் சமைத்து வைக்கவும் வேண்டாம்.

நான் வரப்போவதை முன்கூட்டி எழுதுவது உங்களுக்குக் கோபப்பட நேரம் இருக்கட்டும் என்றுதான். எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். "உன்னை ஆர் கேட்டது?" என்று றொக்கீனா அம்மாவையும் ஏசுங்கள், அவருக்கு விளங்காது. ஏசி முடித்துவிட்டு, இறங்குகிற ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

வயதில் இளையவள் மூத்தவளை வாழ்த்துவது எங்கள் வழக்கத்தில் இல்லை. இதுவரை உங்களுக்கு எழுதிய எல்லாவற்றிலும் உங்கள் ஆசீர்வாதத்தைத்தான் கேட்டிருக்கிறேன். இந்த ஒருமுறை நான் வாழ்த்துகிறேன், குறை நினைக்காதீர்கள். நீங்கள் நல்லா இருக்க வேண்டும், அக்கா. நான் கிழவியாகி, என்னை நீங்கள் ஏசுகிற காலம் வரைக்கும் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
அஜந்தா