பேணிக்குள் விழுந்த சோகி

ஆவணி 4, திங்கள்
சோளகக் காற்று பலம். பள்ளிக்கூடக் கூரையில் இரண்டு ஓலை போய்விட்டது. விடியவே கடற்கரையில் சோகிச் சிப்பி பொறுக்கல். தகரப் பேணி, பனங்கொட்டை, துளை போட்ட பலகை, எண் விளையாட்டுக்கு எல்லாம் தயார். புளியங்கொட்டை இன்னும் வேணும்.

தலைமை வாத்தியார் எட்டிப் பார்த்தார். "படிப்பு ஏறாத பிள்ளையளுக்கு விளையாட்டு மட்டும் ஏறுமோ ரீச்சர்?" நான் பேணியை நடுவில் வைத்தேன்.

பேணிக்குள் ஒரு சோகி. 'டங்' என்றால் ஒரு விரல். இவ்வளவுதான் விளையாட்டு. றோசா, பதினொரு வயதாகியும் ஒரு சொல் பேசாதவள், மூன்று சோகி போட்டு மூன்று விரல் தூக்கினாள்! நாலாவதுக்கு நாலு. பேணியைக் காதில் வைத்து ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து கத்தி, தொண்டை கட்டிப் போச்சு.

ஆவணி 7, வியாழன்
கடும் வெயில். றோசா செவ்வாய் தொடக்கம் இல்லை. காய்ச்சலோ? புதிதாக இலக்கப் பலகை ஒன்று. துளை போடும்போது கம்பி சுட்டு விரலில் கொப்புளம்.

அவளின் அயல்வீட்டுப் பெட்டையிடம் விசாரித்தேன். "வீட்டிலைதான் நிக்கிறாள் ரீச்சர்." வேறொன்றும் சொல்லாமல் ஓடிவிட்டாள். நாளைக்குப் போக வேணும்.

ஆவணி 8, வெள்ளி
றோசா வீட்டுக்குப் போனேன்.

மாட்டுக் கொட்டிலுக்குள் றோசா. காலில் கயிறு. மற்ற நுனி கட்டையில். கணுக்கால் உரஞ்சிச் சிவந்து. என்னைக் கண்டதும் சிரித்தாள். சிரித்தாள்!

"என்ன இது, மரியம்மாக்கா?"

தாய் மீன் கழுவிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை. நான் குனிந்து முடிச்சை அவிழ்த்தேன்.

"ஐயோ, அவிழ்க்காதையுங்கோ ரீச்சர்!"

அதற்குள் றோசா பறந்துவிட்டாள். நேரே வீட்டு வளவுக் கிணற்றுக்கு. சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. விளிம்பில் நின்று ஒரு கல்லைப் போட்டாள். 'பளக்'. ஒரு விரல். அடுத்த கல்லுக்குக் குனிய, காலடி மண் சரிந்தது. சட்டையைப் பிடித்து இழுத்ததுதான் தெரியும். இரண்டு பேரும் நிலத்தில்.

தாய் மூச்சிரைக்க ஓடிவந்தா. "உங்கடை பேணி விளையாட்டுக்குப் பிறகுதான் இந்தக் கூத்து. மனிசன் கடலிலை. நான் மீன் விக்கப் போனால் ஆர் பாக்கிறது? கட்டாமல் என்ன செய்ய?"

நான் சொல்லிக் கொடுத்த விளையாட்டு. நான்.



ஆவணி 9, சனி
காற்றுக் குறைவு. தகப்பன் சூசை கரைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் திரும்பவும் போனேன். வழி முழுக்க யோசித்தது ஒன்றுதான். அதையே சொன்னேன்.

"கிணத்தைக் கட்டுவம் அண்ணை. பிள்ளையைக் கட்ட வேண்டாம்."

சூசை அண்ணை ஒருக்கால் கிணற்றைப் பார்த்தார். எழும்பிப் போய்த் தன் வேலிக் கல்லையே பிடுங்கத் தொடங்கினார். நானும் மரியம்மாக்காவும் சுமந்தோம். றோசாவும் சின்னக் கல்லாகப் பார்த்து. முதுகு முறியுது. இடுப்பளவு வந்திட்டுது.

ஆவணி 10, ஞாயிறு
பூசை முடிய அங்கே போனேன். கட்டு றோசாவின் நெஞ்சளவுக்கு. சுண்ணாம்பும் பூசியாச்சு. நாளைக்கு றோசாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டினம்.

வேலிப் படலை வரை கூட வந்த மரியம்மாக்கா என் கையைப் பிடித்தா.

"ஊர்ச்சனம் எல்லாம் இந்தக் கிணத்திலைதான் தண்ணி அள்ளுது, ரீச்சர். கொட்டிலைத் தாண்டித்தான் போய் வந்தவை. பிள்ளையைக் கட்டினதை ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை. இப்ப கிணத்தைக் கட்டினதைத்தான் ஏன் எண்டு கேக்கினம்."